மாயப்பொருளும் கதையின் ஓட்டையும்

1

மாயக் கதைகளில் ஓட்டை கண்டுபிடிப்பது இன்று ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. டோல்கீனின் மோதிரக் கதையில் (1954-55) பெருங்கழுகுகள் இருக்கின்றனவே, அவற்றின் முதுகில் ஏறிப்போய் மோதிரத்தை எரிமலையில் போட்டுவிட்டு வந்திருக்கலாமே, எதற்கு மூன்று பாகம் நடக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். ஹாரி பாட்டரின் மூன்றாவது புத்தகத்தில் (1999) காலத்தைப் பின்னுக்குத் திருப்பும் ஒரு சிறு கருவி வருகிறது. பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளுக்குப் போவதற்காக அது அவள் கையில் தரப்படுகிறது. வகுப்புக்குப் போக உதவும் கருவி கொலையைத் தடுக்க உதவாதா? செத்தவர்களை எல்லாம் ஏன் மீட்கக்கூடாது? ஆசிரியைக்கே இந்தக் கேள்வி உறுத்தியிருக்க வேண்டும். ஐந்தாவது புத்தகத்தில் (2003) ஒரு சண்டையில் அந்தக் கருவிகள் இருந்த அலமாரியையே நொறுக்கிப் போடுகிறார். ஓட்டையை அடைக்க முடியாதபோது சுவரையே இடித்துவிடுவது ஒரு வழிதான்.

இதற்கு நம்மிடையே வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, ‘குழந்தைகள் கதைதானே, இதில் என்ன தர்க்கம்’ என்பது. இது குழந்தையையும் அறியாத, கதையையும் அறியாத பதில். குழந்தையைப் போலத் தர்க்கம் பேசும் வாசகன் கிடையாது. ‘கம்பளம்தான் பறக்குமே, அப்புறம் ஏன் நடந்து போறான்?’ என்று முதலில் கேட்பது குழந்தைதான். மற்றது, யதார்த்தவாதத்தில் ஊறிய நம் விமர்சகர்களின் பதில்: மாயக்கதை என்பதே தப்பித்தல், அதில் ஓட்டை இல்லாமல் எப்படி இருக்கும் என்பது. இரண்டு பதில்களும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. மாயக்கதைக்கு உருவம் என்று ஒன்று கிடையாது, ஆகவே உருவக்குறை என்றும் ஒன்று கிடையாது என்று இரண்டும் தீர்மானித்துவிடுகின்றன.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாயப்பொருள் உண்டாக்கும் ஓட்டைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது எல்லாக் காலத்திலும் இருந்ததல்ல. ஒரு குறிப்பிட்ட கதைவடிவத்தோடு வந்து சேர்ந்தது. நம் மொழியில் அந்தச் சரித்திரத்தைக் காவியத்திலிருந்து பெரிய எழுத்துப் புத்தகம் வரைக்கும், அங்கிருந்து மாதப் பத்திரிகை வரைக்கும் தொடர்ந்து பார்க்க முடிகிறது. பார்த்தால், ஓட்டை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதே மாறிப்போகிறது.

2

முதலில் நாட்டார் கதை. மாக்ஸ் லூதி என்ற சுவிஸ் அறிஞர் 1947-ல் ஐரோப்பிய நாட்டார் கதைகளின் உருவத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்துச் சொல்கிறார். இக்கதைகளில் நாயகனுக்குக் கிடைக்கும் மாயப்பொருள் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகக் கிடைக்கிறது. அந்த வேலை முடிந்ததும் கதை அதை மறந்துவிடுகிறது. மூன்று பொருள் கிடைத்தால் மூன்று இக்கட்டு வரும் என்று அர்த்தம். நான்காவது இக்கட்டில் முதல் பொருளை எடுத்துப் பயன்படுத்த நாயகனுக்குத் தோன்றாது. கேட்பவனுக்கும் தோன்றாது. அதற்கு முன்பே, 1928-ல், ருஷ்ய அறிஞர் ப்ராப் நாட்டார் கதையின் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தியபோது, மாயப்பொருள் கைக்கு வருவது அந்த வரிசையில் ஒரு படி மட்டுமே என்று காட்டியிருந்தார். ஏறியபின் பின்னால் விட்டுவிட வேண்டிய படி.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் செய்த கதாசரித்சாகரத்தில் புத்திரகன் கதை வருகிறது. காட்டில் மயாசுரனின் பிள்ளைகள் இருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பாத்திரம், ஒரு கோல், ஒரு ஜோடிப் பாதுகை - இவைதான் சொத்து. பாத்திரம் நினைத்த உணவைத் தரும். கோலால் எழுதியது நிஜமாகும். பாதுகையை மாட்டினால் பறக்கலாம். யாருக்கு என்பதில் தகராறு. புத்திரகன் சிரித்துக்கொண்டு, ‘இதற்கா சண்டை? ஓடுங்கள், முந்துகிறவனுக்கு எல்லாம்’ என்கிறான். இருவரும் ஓடுகிறார்கள். புத்திரகன் பாதுகையை மாட்டிக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆகாயத்தில் எழும்பிவிடுகிறான். பின்னால் அந்தக் கோலால் ஒரு நகரத்தை வரைகிறான். அதுதான் பாடலிபுத்திரம் என்கிறது கதை.

இதில் ஓட்டை பட்டவர்த்தனமாக இருக்கிறது. ஓட்டப்பந்தயத்துக்கு ஒப்புக்கொண்ட இருவருக்கும் பறக்கும் பாதுகை சொந்தம். இருவரில் ஒருவனுக்குக்கூட அதைக் காலில் மாட்டிக்கொண்டு ஓடத் தோன்றவில்லை. பொருள் உடையவனுக்கு அதன் உபயோகம் தெரியவில்லை, வழிப்போக்கனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் இது கதையின் ஓட்டையா, அந்த இருவரின் ஓட்டையா? கதை அவர்கள் முட்டாள்தனத்தின் மேல்தான் கால் ஊன்றி நிற்கிறது. கேட்பவன் சிரிப்பதும் அந்த இடத்தில்தான். ஓட்டையை அடைத்தால் கதை இல்லை, பாடலிபுத்திரமும் இல்லை.

ஆக, நாட்டார் கதையில் மறதி ஒரு குறை அல்ல; அது உருவத்தின் விதி. இந்த விதி இன்றும் சாகவில்லை. ஜப்பானில் 1969 முடிவில் தொடங்கிய டோரேமான் படக்கதை இப்போது தமிழ் பேசிக்கொண்டு நம் வீட்டுத் தொலைக்காட்சிகளில் ஓடுகிறது. அந்தப் பூனைப் பொம்மை வயிற்றுப் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துத் தருகிறது. பையன் அதைக் கன்னாபின்னாவென்று உபயோகித்துக் கெடுத்துக்கொள்கிறான். அடுத்த கதையில் அந்தக் கருவி பெரும்பாலும் இருந்த சுவடே இல்லை. எந்தக் குழந்தையும் இதை ஆட்சேபிப்பதில்லை. ஒவ்வொரு கதையும் தனித்தனி என்பதைக் குழந்தை முதல் இரண்டு நிமிஷத்திலேயே புரிந்துகொண்டுவிடுகிறது.

3

காவியம் மறக்கக்கூடாது. அதற்கு நீளம் இருக்கிறது, பாத்திரங்களுக்கு முன்வினை பின்வினை இருக்கிறது, கேட்பவன் முந்திய காதையை நினைவில் வைத்திருக்கிறான். ஆகவே காவியத்தில் மாயப்பொருள் நுழையும்போது கூடவே ஒரு நிபந்தனையும் நுழைகிறது.

பாரதத்தில் தருமனுக்குச் சூரியன் அட்சயபாத்திரம் தருகிறான். வனவாசத்தின் பன்னிரண்டு வருஷமும் சோற்றுக்குக் கவலை இல்லை என்றால் வனவாசத்தில் என்ன இருக்கிறது? அதனால்தான் ஒரு சிறு விதி: அன்றன்றைக்குத் திரௌபதி சாப்பிட்டு முடித்தால் பாத்திரம் அன்றைக்கு ஓய்ந்துவிடும். இந்த விதி இருப்பதால்தான் துர்வாசரை, அவள் சாப்பிட்டு முடித்த பிறகு, பெரும் சீடர் கூட்டத்தோடு அனுப்பிவைக்க முடிகிறது. கதை பொருளில் இல்லை, நிபந்தனையில் இருக்கிறது.

மணிமேகலையில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் சொல்லிக்கொடுக்கிறது: வேற்றுரு எடுக்க ஒன்று, வான்வழி செல்ல ஒன்று, பசியை ஒழிக்க ஒன்று. அதற்குப் பிறகு அமுதசுரபியும் கிடைக்கிறது. பசியை ஒழிக்கும் மந்திரம் ஏற்கெனவே கையில் இருக்கும்போது எதற்குப் பாத்திரம் என்று மேலோட்டமாகப் படிக்கிறவன் கேட்பான். மந்திரம் அவள் பசிக்கு. பாத்திரம் பிறர் பசிக்கு. சாத்தனார் இரண்டையும் தனித்தனியாக வைத்ததிலேயே காவியத்தின் தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்தப் பாத்திரத்துக்கும் ஒரு நிபந்தனை: முதல் பிச்சை கற்புடைய பெண் ஒருத்தி கையால் விழவேண்டும். ஆதிரை கதை அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

அரசி அவளைச் சிறையில் வைக்கிறாள். பட்டினி போட்டால் பசி மந்திரம் காக்கிறது. கெடுக்க ஒருவனை ஏவினால் உருமாறும் மந்திரம் காக்கிறது. ஆனால் வான்வழி செல்லும் மந்திரத்தை வைத்து அவள் சிறையை விட்டுப் பறந்துபோவதில்லை. இன்றைய ஓட்டை வேட்டைக்காரர்களுக்கு இது நல்ல இரை. காவியத்தைப் படித்தவனுக்கோ கேள்வியே எழுவதில்லை. உதயகுமரன் வெட்டுண்டதற்குக் காரணம் அவள் எடுத்த காயசண்டிகை உருவம். மகனை இழந்தவள் எதிரே நிற்கிறாள். அந்தத் தாயிடம், அழுவது உடலுக்கா உயிருக்கா என்று கேட்டுத் தெளிய வைக்காமல் பறந்து போகிறவள் மணிமேகலையாக இருக்கமாட்டாள். மந்திரம் செய்யக்கூடியதைக் குணம் செய்யவிடுவதில்லை. ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மனுஷி நிற்கிறாள்.

இதன் உச்சம் ஆபுத்திரன். பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தில் பாண்டிநாடு கிடக்கும்போது மதுரையில் சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைத் தருகிறாள். ஊருக்கே சோறு போடுகிறான். இந்திரன் வந்து வரம் தருகிறேன் என்றால் சிரிக்கிறான். இந்திரன் பழிவாங்கும் விதம் அபூர்வமானது: மழை பெய்யச் செய்கிறான். நாடு செழிக்கிறது, பசித்தவன் இல்லை, கேட்க ஆள் இல்லை. பாத்திரம் வெறும் பாத்திரமாகிவிடுகிறது. சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆள் இல்லாத தீவு. கையில் வற்றாத சோற்றுப் பாத்திரம். அவன் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து சாகிறான்.

உலகத்தின் மாயக்கதைகளில் இதற்கு ஈடாக இன்னொரு கட்டத்தை என்னால் நினைக்க முடியவில்லை. தர்க்கப்படி பார்த்தால் இதைவிடப் பெரிய ஓட்டை கிடையாது. வற்றாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படிப் பட்டினியால் சாவான்? சாவான், தனக்கு மட்டும் அதிலிருந்து எடுத்துத் தின்பதை வாழ்வாக அவன் கருதவில்லையென்றால். பொருளின் சக்தி எவ்வளவு என்று அளந்து காட்டிவிட்டு, அந்த அளவுக்கு வெளியே மனிதனை நிறுத்துகிறார் சாத்தனார்.

சீவக சிந்தாமணியின் மயிற்பொறியும் இந்த வரிசையில் வரும். கனவின் கெட்ட பலனை அறிந்த சச்சந்தன் பறக்கும் மயில் ஒன்றைத் தச்சனைக் கொண்டு செய்விக்கிறான். ஒரு பக்கம் திருகினால் எழும், மறுபக்கம் திருகினால் இறங்கும். இது வரம் அல்ல, யந்திரம். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்தபோது கருவுற்ற விசயையை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு அரசன் வாளெடுத்துப் போய்ச் சாகிறான். அவன் ஏன் ஏறவில்லை? நாட்டையும் தன்னையும் அமைச்சன் கையில் கொடுத்துவிட்டு அந்தப்புரத்தில் கிடந்தவன் அவன். ஓடிப்போனால் அவனுக்குச் சாவுகூட மிஞ்சாது. பொறி தன் வேலையைச் செய்து சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். பின்பு காவியத்தின் பெரும்போக்கில் அதற்கு வேலை இல்லை. ஆனால் திருத்தக்கதேவர் இன்னொரு ஓட்டையை முன்கூட்டியே பார்த்து அடைத்திருக்கிறார். வில்லிலும் வித்தையிலும் இவ்வளவு வல்ல சீவகன் தகப்பனைக் கொன்றவனை உடனே ஏன் கொல்லவில்லை என்று கேட்பார்கள் அல்லவா? அதற்காக ஆசிரியர் அச்சணந்தி அவனிடம் ஒரு வருஷம் பொறுப்பதாக வாக்கு வாங்கிக்கொள்கிறார். மீதிக் காவியம் முழுவதும் நடப்பதற்கு அந்த வாக்கு இடம் கொடுக்கிறது. நல்ல கதைசொல்லிகளுக்கு ஓட்டையைப் பற்றிய பிரக்ஞை எப்போதும் இருந்திருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

4

காவியத்தில் நிபந்தனை என்று இருந்தது, வரக் கதைகளில் வாசகமாக மாறுகிறது. இரணியன் கேட்ட வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மனிதனால் கூடாது, மிருகத்தால் கூடாது, பகலில் கூடாது, இரவில் கூடாது, உள்ளே கூடாது, வெளியே கூடாது. இது வக்கீல் எழுதின பத்திரம் மாதிரி இருக்கிறது. எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டதாக நினைக்கிறான். நரசிங்கம் என்பது அந்தப் பத்திரத்தை அவனைவிடக் கவனமாகப் படித்தவன் கண்டுபிடித்த சந்து. வால்மீகியில் இல்லாத இந்தக் கதையைக் கம்பன் தன் காவியத்துக்குள் கொண்டுவந்து ஒரு படலமே பாடியிருக்கிறான். நம் தெருக்கூத்துகளில் விடிய விடிய ஆடியிருக்கிறார்கள். மேலைநாட்டு வாசகன் ஓட்டை என்று எதைப் பார்த்துக் குறை சொல்கிறானோ, அதையேதான் நம் மரபு கதையின் வாசலாக வைத்திருக்கிறது.

வடசென்னைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பாத்தியதை உண்டு. மின்ட் பக்கத்துக் கொண்டித்தோப்பில் பி. இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் அச்சிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள்தான் விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராஜன் கதையையும் தமிழ்நாட்டின் திருவிழாக் கடைகளுக்கும் சந்தைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. மதனகாமராஜன் கதையை நடேச சாஸ்திரி 1886-லேயே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார். ஆனால் அதன் உண்மையான ஆயுள் இந்தப் பெரிய எழுத்தில்தான். இவை குழந்தைகளுக்கென்று அச்சானவை அல்ல. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவன் உரக்கப் படிக்க, வேலை முடித்து வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். குழந்தைகள் மடியில் கிடந்து கேட்டன. நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் இந்தப் புத்தகங்களை நெடுநாள் தீண்டவே இல்லை. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) போன்ற ஆய்வுகள் வந்தபிறகுதான் குஜிலி அச்சின் உலகம் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கப்படுகிறது.

இந்த விக்கிரமாதித்தன் கதையில் இந்திரன் தரும் வரம் இப்படி: முப்பத்திரண்டு பதுமைகள் உள்ள சிம்மாசனம், அதில் அமர்ந்து ஆயிரம் வருஷ ஆட்சி. தம்பியும் மந்திரியுமான பட்டி காளியிடம் இரண்டாயிரம் வருஷ ஆயுள் வாங்கிவிடுகிறான். இப்போது கணக்கு உதைக்கிறது. ராஜா போனபின் ஆயிரம் வருஷம் மந்திரி மட்டும் என்ன செய்வான்? பட்டி வரத்தின் வாசகத்தைத் திரும்பிப் பார்க்கிறான். ஆயிரம் வருஷம் என்று சொன்னது சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கும் காலத்தை அல்லவா? வருஷத்தில் ஆறு மாசம் அமர்ந்தால் போதுமே, மீதி ஆறு மாசம் காட்டில் திரிந்தால் ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும். காடாறு மாசம், நாடாறு மாசம்.

இன்று இது ஒரு வழக்காக, ஊர்சுற்றியைக் கேலி செய்ய மட்டும் பயன்படுகிறது. மூலத்தில் அது ஒரு ஓட்டையை அடைத்த விதம். அடைத்த இடத்திலிருந்து நூறு கதைகள் முளைத்தன. ராஜா காட்டுக்குப் போகாவிட்டால் சாகசம் ஏது? ஆனால் அவன் ஏன் போகவேண்டும்? சிம்மாசனத்தில் உட்கார்ந்து சுகமாக ஆளலாமே? இந்தக் கேள்விக்கு இவ்வளவு சாமர்த்தியமான விடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கணக்கும் குறும்பும் சேர்ந்த விடை. அரசாங்கக் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை படித்துப் பழகிய ஜனங்களுக்கு இது உடனே பிடிபட்டிருக்கும்.

5

வேதாளத்தின் கதை இதைவிட இறுக்கமானது. ராஜா மௌனத்தைக் கலைத்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். இரண்டு விதிகளும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கின்றன. முதல் விதி இல்லாவிட்டால் ஒரே கதையில் முடிந்துவிடும். இரண்டாவது இல்லாவிட்டால் ராஜா வாயை மூடிக்கொண்டு நடந்துவிடுவான். தெரிந்தே தப்பாக ஒரு விடை சொல்லியிருக்கலாமே என்ற சந்துதான் மிச்சம். நீதி வழங்குவதையே தொழிலாகக் கொண்டவன் அதைச் செய்யமாட்டான் என்பதால் அதுவும் அடைபடுகிறது.

இந்த யந்திரத்துக்கு ஒரு முடிவும் உண்டு. அதை மறந்துவிட்டோம். வடமொழி வேதாளபஞ்சவிம்சதியின் கடைசிக் கதையில் அப்பன் மகளையும், மகன் தாயையும் மணந்துகொள்கிறார்கள். இரு தம்பதிகளுக்கும் பிறந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் எந்த முறை சொல்லி அழைப்பது? ராஜா யோசிக்கிறான். விடை இல்லை. ஆகவே மௌனம். வேதாளம் சந்தோஷப்பட்டு, பிணம் கொண்டுவரச் சொன்ன சந்நியாசியின் சூழ்ச்சியை அவனுக்குச் சொல்லி உயிரைக் காப்பாற்றுகிறது. இத்தனை கதையும் எல்லாம் தெரிந்தவனாக நடந்தவன் தெரியாதவனாக ஆகும் கணத்தில்தான் விடுதலை. இதைவிட ஆழமான முடிவை ஒரு புதுக்கவிஞன்கூட யோசித்திருக்க முடியாது.

1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினார்கள். வேதாளக் கதைகள் அதன் நிரந்தர அம்சமாயின. கே.சி. சிவசங்கரன் (1924-2020), ‘சங்கர்’ என்று கையெழுத்திட்டவர், உருவிய வாளும் தோளில் பிணமுமாக ராஜா நடக்கும் அந்தப் படத்தைப் போட்டார். இரண்டு மூன்று தலைமுறைக்கு விக்கிரமாதித்தன் என்றால் அந்தப் படம்தான். மூலத்தில் இருந்த கதைகள் தீர்ந்தன. மாதாமாதம் பத்திரிகை வரவேண்டும். ஆகவே அதே அச்சில் புதிய கதைகள் வார்க்கப்பட்டன. பல பத்து வருஷங்களுக்கு வார்க்கப்பட்டன. ஒவ்வொரு மாதமும் ராஜாவுக்கு விடை தெரிந்தாகவேண்டும். தெரியாமல் போனால் அடுத்த மாதம் இல்லை.

இங்கேதான் புதியவகை ஓட்டை பிறக்கிறது என்று நினைக்கிறேன். அது கதைக்குள் இருந்து வரவில்லை, பத்திரிகையின் தேவையிலிருந்து வந்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷன் ஒரே மரத்துக்கும் ஒரே சுடுகாட்டுக்கும் இடையில் நடந்துகொண்டிருக்கிறானே, வேறு உபாயம் யோசிக்கமாட்டானா? காதில் பஞ்சு அடைத்துக்கொள்ளக்கூடாதா? என் தெருவில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னும் நேராகக் கேட்டான்: ‘அத சாக்குல போட்டுக் கட்டித் தூக்கினு போலாம்ல?’ இருபத்தைந்து கதைக்குள் இந்தக் கேள்வி எழ நேரமில்லை. அறுநூறு மாதத்தில் எழாமல் இருக்காது. மறதியை விதியாகக் கொண்ட நாட்டார் வடிவத்தையும் நினைவை விதியாகக் கொண்ட தொடரையும் ஒன்றாகக் கட்டியபோது கட்டு நெகிழ்ந்தது. அம்புலிமாமா 2013-க்குப் பின் வரவில்லை. ராஜா இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறான். பத்திரிகை நின்ற இடத்தில் அவன் தோளில் பிணம் இருக்கிறது.

நான் அம்புலிமாமாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அதைப் படித்துத்தான் வாசிக்கக் கற்றுக்கொண்டவர்கள் இந்தப் பத்திரிகையை நடத்துகிறவர்களிலும் உண்டு. கோகுலத்திலும் பூந்தளிரிலும் உழைத்த வாண்டுமாமா (1925-2014) போன்றவர்கள் சொற்ப வசதிகளோடு ஒரு வாசக சமூகத்தையே உண்டாக்கினார்கள். ஆனால் மாதத் தொடர் என்ற வடிவம் மாயப்பொருளை என்ன செய்தது என்பதை விமர்சகர்கள் கவனித்திருக்க வேண்டும். முனிவர் ஒருவர் வருவார், கேட்காமலே ஒரு மோதிரம் தருவார், விலை இல்லை, நிபந்தனை இல்லை. அடுத்த இதழில் இளவரசன் கிணற்றில் விழுவான், மோதிரம் நினைவுக்கு வராது. இப்படி எழுதப்பட்ட தொடர்கதைகளுக்குப் பஞ்சமில்லை. இது நாட்டார் கதையின் மறதியும் அல்ல, காவியத்தின் நிபந்தனையும் அல்ல. இதற்குப் பெயர் அவசரம்.

இங்கிலாந்தில் ஈ. நெஸ்பிட் என்ற எழுத்தாளர் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை எதிர்கொண்டிருக்கிறார். 1902-ல் எழுதிய நாவலில் வரம் சூரியன் அஸ்தமித்ததும் கலைந்துபோகும். 1904-ல் எழுதியதில் பறக்கும் கம்பளம் பழையது. நைந்து நிஜமாகவே ஓட்டை விழுகிறது. கம்பளி நூலால் தைத்த இடத்தில் மாயம் வேலை செய்வதில்லை. ஓட்டையை மறைக்காமல் கம்பளத்திலேயே வைத்துவிட்டார். பொருள் தேயும் என்று தெரிந்த வீடுகளில் வளர்ந்த குழந்தைகளுக்கு அதைவிட நம்பகமான மாயம் கிடையாது.

6

இதை நான் எழுதுவது எம்.கே.பி. நகரிலிருந்து. வியாசர்பாடியை ஒட்டி வீட்டுவசதி வாரியம் கட்டிய குடியிருப்பு. பேருந்தில் எழுதியிருக்கும் மூன்று எழுத்துக்குள் மகாகவி பாரதி இருக்கிறார் என்பது இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்குப் பள்ளிக்கூடத்தில்தான் தெரியவருகிறது. பாரதியும் ஒரு மாய வாகனம் செய்திருக்கிறார். 1910-ல் நூலாக வந்த ‘ஞானரத’த்தில் அந்தத் தேர் நினைத்த உலகத்துக்குப் போகும். ஆனால் உபசாந்தி லோகத்துக்குள் நுழையவேண்டுமானால் மனத்தை வெளியில் விட்டுவிட்டு வரவேண்டும். நிபந்தனை வாசலிலேயே நிற்கிறது. ஓட்டை இல்லாத மாயப்பொருள் எப்படி இருக்கும் என்பதற்கு நம் பேட்டைக்குப் பெயர் தந்தவரிடமே பாடம் இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் குழந்தைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மேலைநாட்டு ஓட்டைப் பட்டியல்களில் அதை அதிகம் பார்க்க முடிவதில்லை. பூதம் ஒரே ராத்திரியில் அரண்மனை கட்டியது என்றால், கல்லை எங்கிருந்து எடுத்தது, யார் தூக்கினார்கள், பூதத்துக்கு என்ன கூலி? ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையில் சுமை என்பது கண்ணுக்குத் தெரியும் வஸ்து. கப்பலிலிருந்து ஒரு பெட்டி இறங்கி லாரியில் ஏற எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்பது வீட்டில் சோற்றுத்தட்டுக்கு முன்னால் பேசப்படும் சமாசாரம். அந்தக் கண்ணுக்கு அலாவுதீன் கதையின் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் தெரிகிறது.

அலாவுதீன் கதை பழைய அரபுச் சுவடியில் இருந்ததல்ல. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709-ல் பாரிஸில் சொல்லக் கேட்டு காலான் தன் தொகுப்பில் சேர்த்தது. அதில் இரண்டு பூதங்கள். விளக்கை மந்திரவாதி கவர்ந்து அரண்மனையைத் தூக்கிக்கொண்டு போனபின் அலாவுதீன் மோதிர பூதத்திடம் அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறான். அது என்னால் ஆகாது, விளக்கின் அடிமைக்கே அது பாத்தியம், உன்னை வேண்டுமானால் அங்கே கொண்டுபோய் விடுகிறேன் என்கிறது. ஓட்டையை அடைக்கக் கதை உபயோகித்தது வேலைப் பிரிவினையை! அடிமைகளுக்குள்ளேயும் மேல் கீழ். 1951-ல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த ‘பாதாள பைரவி’யில் சிலை எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கு ஊழியம் செய்கிறது, கை மாறினால் விசுவாசமும் மாறுகிறது. மாயப்பொருள் என்பது பெரும்பாலும் முகம் மறைக்கப்பட்ட ஒரு வேலையாள். கதை அவனை மறக்கும் இடத்தில்தான் ஓட்டை விழுகிறது.

விக்கிரமாதித்தன் கதை இதைக்கூட அரைகுறையாக உணர்ந்திருக்கிறது. முதலில் வேதாளத்தை ராஜா தோளில் சுமக்கிறான். பின்னால் நினைத்தபோது வேதாளம் வந்து ராஜாவைச் சுமக்கிறது. சுமந்தவனுக்குத்தான் சுமக்கப்படும் உரிமை என்று ஒரு நியாயம் அதில் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. முனிவர் இலவசமாகத் தந்த மோதிரத்தில் அந்த நியாயம் இல்லை.

நம் குழந்தை இலக்கியத்தைப் பற்றி விமர்சனம் என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி இதனால் நல்லொழுக்கம் வளருமா, விஞ்ஞான மனோபாவம் கெடுமா என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது. உருவம் பற்றிய கேள்வி எழுவதில்லை. மாயப்பொருள் கதைக்குள் வந்ததும் கேட்கவேண்டியது: இதற்கு என்ன விலை, யார் கொடுக்கிறார்கள், எங்கே இது செல்லாது? இந்த மூன்றையும் சாத்தனார் கேட்டிருக்கிறார். கொண்டித்தோப்புப் புத்தகத்தை உருவாக்கிய பெயர் தெரியாத கதைசொல்லியும் கேட்டிருக்கிறான். சாக்குப்பையைப் பற்றிக் கேட்ட அந்தப் பையனுக்கு நான் கடைசிக் கதையைச் சொன்னேன், விடை தெரியாமல் ராஜா மௌனமாக நடக்கும் கதையை. கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகள் என்ன முறைதான் ஆகவேண்டும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். சாக்கைப் பற்றிப் பிறகு அவன் பேசவில்லை.